உறுமி, கொம்பாங், மரிம்பா என்று பல நாட்டுத் தாளக் கருவிகளை இக்கால இசையோடு கலந்து எழுதிப் பிழைக்க முடியுமா?

எஸ்டேட் டவுனில் இருந்துகொண்டு இப்படி இசையமைக்கப் போகிறேன் என்றால் ஊர் சிரிக்கிறது, வீட்டிலும் ஒத்துக்கொள்ளவில்லை, பிழைப்பு ஓடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெயர் போடவில்லை. இருபது வயதுக்குள் இருக்கும் என்று நினைத்துத் தம்பி என்றே எழுதுகிறேன். தங்கச்சியாக இருந்தால் மன்னிக்கவும்.

ஓடும் தம்பி. நொண்டி நொண்டி ஓடும்.

நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வீட்டில் பிறந்தவன். அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். பதினெட்டு வருடமாக இசையமைப்பதுதான் என் தொழில். மேடைக் கச்சேரியில் சோறு வராது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நாடகத்துக்கும் நடனக் குழுக்களுக்கும் இசை, எப்போதாவது ஒரு தீபாவளி விளம்பரம், சனி ஞாயிறு ஈப்போவில் வகுப்பு. இவை போடும் சோற்றில்தான் எனக்குப் பிடித்ததை எழுதுகிறேன்.

2009இல் கோலாலம்பூரில் ஒரு நிகழ்ச்சிக்கு நான்கு தந்திக் கருவி, மூன்று கொம்பாங் (மலாய்க்காரர்கள் கையால் தட்டும் கொட்டு), ஓர் உறுமி என்று எழுதினேன். உறுமிக்கு என் தாய்மாமாவைக் கூட்டிப் போனேன். நாற்பது வருடம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அடித்தவர். ஏழு எண்ணிக்கைத் தாளம். என் கணினியில் எல்லாம் அழகாகத்தான் கேட்டது. ஒத்திகையில் மாமா தாளைத் திருப்பிப் பார்த்தார். "என்னாடா இது, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு?" வயலின்காரர்கள் தாளைப் பார்த்து வாசிக்கிறார்கள், மாமா என் முகத்தைப் பார்த்து அடிக்கிறார். மூன்று முறை ஆரம்பித்து மூன்று முறையும் குப்புற விழுந்தோம்.

கடைசியில் உறுமியை மடியில் சாய்த்துக்கொண்டு, "ஒன் கணக்க வாயால சொல்லு" என்றார். தகிட தகதிமி என்றேன். கொஞ்ச நேரம் உதட்டை அசைத்துப் பார்த்துவிட்டு, "அட, இது வெயிலு வருமுன்னடா" என்றார்.

வெ-யி-லு, வ-ரு-முன்-ன. மூன்றும் நான்கும் ஏழு. வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும், அதற்குள் மரத்தடியில் நிற்க வேண்டும். காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும்போது, மண்டோர் என்ற மேற்பார்வையாளர் போடும் கூச்சல் அது. பிறகு அந்த அறையில் இரண்டு சீனப் பெண்கள், ஒரு மலாய்க்காரர், ஒரு வெள்ளைக்காரர், நான்கு பேரும் "வெயிலு வருமுன்ன, வெயிலு வருமுன்ன" என்று சொல்லிக்கொண்டே வில்லை இழுத்தார்கள். ஒருவருக்கு வெயிலு கடைசிவரை வேலு என்றுதான் வந்தது. பரவாயில்லை, தாளம் நின்றுவிட்டது.

அன்று இரவே முக்கால்வாசியைத் திரும்ப எழுதினேன். அதுவரை நான் செய்தது, நாசி லெமாக் சோற்றில் சம்பலை ஊற்றுவது போல வயலின் மேல் உறுமியை ஊற்றியதுதான். கொம்பாங்கில் ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் அடி விழும். அடிகள் அப்படிக் கோத்துக்கொள்ளும் விதத்தைத் தந்திகளுக்குக் கொடுத்தேன். உறுமியின் இடப் பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்க்கும்போது ஒரு முனகல் எழும்பும் பாருங்கள், அதற்கு எந்தச் சுரமும் எழுத முடியாது. தாளில் ஒரு வளைந்த கோடு மட்டும் போட்டு, மாமா இஷ்டம் என்று எழுதி வைத்தேன்.

ஸ்டீவ் ரைக் என்ற அமெரிக்கரைக் கேளுங்கள். 1970இல் கானாவுக்குப் போய் ஏவே மக்களிடம் கொட்டு படித்துவிட்டு வந்து, அடுத்த வருடம் 'டிரம்மிங்' எழுதி முடித்தார். அதில் கானாவின் கொட்டு ஒன்றுகூடக் கிடையாது. பொங்கோ கொட்டு, மரக்கட்டை அடுக்கிய மரிம்பா, உலோகப் பட்டை அடுக்கிய குளோக்கன்ஸ்பீல், மனிதக் குரல், பிக்கலோ என்ற சின்னப் புல்லாங்குழல் ஒன்று, அவ்வளவுதான். அவர் தூக்கிவந்தது கருவியை அல்ல, அடிகள் கோக்கும் விதத்தை. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால் மாமாவை மூன்று முறை விழவைத்திருக்க மாட்டேன்.

கலப்படம் என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: மிருதங்கத்தை நான் குறைத்துப் பேசவில்லை, நானே ஆறு வருடம் படித்தவன். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடர், மிருதங்க வித்வான் திருச்சி சங்கரன் 1971இல் டொராண்டோ போய் யார்க் பல்கலைக்கழகத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். கம்லான் என்ற இந்தோனேசிய வெண்கல வாத்தியக் குழுவுக்கும் இசை எழுதினார். அவருக்குத்தான் 2011இல் மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. அவரிடம் போய்ச் சொல்லுங்கள் கலப்படம் என்று.

அப்புறம், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நம் ஆட்கள் நடத்தும் நிகழ்ச்சி எட்டு மணி என்றால் பிரமுகர் வருவது ஒன்பதரைக்கு. தப்பு என்ற பறையின் தோலைத் தீயில் காய்ச்சினால்தான் கணீரென்று வரும். எட்டு மணிக்காகக் காய்ச்சிய தோல், மாலை, பொன்னாடை, மூன்று பேச்சு எல்லாம் முடிவதற்குள் தொளதொளவென்று ஆகிவிடும். கொம்பாங் பையன்கள் தோலுக்கும் கட்டைக்கும் நடுவில் ஒரு ரோத்தான் (பிரம்பு) துண்டைச் செருகி இறுக்கிக்கொண்டு சிரிப்பார்கள். நாங்கள் மண்டபத்துக்குப் பின்னால் பழைய பேப்பரைக் கொளுத்துவோம், காவலாளி திட்டுவார். ஒரு முறை சம்பளத்துக்குப் பதிலாகவும் பொன்னாடையே போட்டார்கள். வீட்டில் பதினான்கு இருக்கிறது. தோய்த்தால் சாயம் போகிறது.

சரி, வீட்டில் என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். என் அம்மா இன்றுவரை உறவுக்காரர்களிடம் "மியூசிக் வாத்தியார் வேலை பாக்குறான்" என்றுதான் சொல்கிறார். நானும் திருத்துவதில்லை.