நர்சம்மாவிடம் கேளுங்கள்: கவட்டு வலியும் பிரசவமும்

கேள்வி: நர்சம்மா, எனக்கு 27 வயது. இரண்டாவது பிள்ளை, எட்டாவது மாதம் நடக்கிறது. போன மாதத்திலிருந்து கவட்டு எலும்பின் நடுவில் பிளப்பதுபோல வலி. ராத்திரி புரண்டு படுத்தால் 'டக்' என்று சத்தம் கேட்கிறது. எங்கள் வீட்டில் இப்போது புளி வேலை. உட்கார்ந்து தட்டிவிட்டு எழுந்திருக்க இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருக்கிறது. மாமியார் ஒரு நாள் "எலும்பு விரியுது, நல்லதுதான்" என்கிறார், இன்னொரு நாள் "போர் தண்ணி குடிச்ச உடம்பு, அப்படித்தான் வலிக்கும்" என்கிறார். முதல் பிள்ளை சுகப்பிரசவம். இந்த வலியோடு காலை விரித்து எப்படிப் பெறுவது? நானே ஆபரேஷன் கேட்டுவிடலாமா?
– பெயர் வேண்டாம், பென்னாகரம் பக்கம்

பதில்: கண்ணு, அந்த 'டக்' சத்தத்தைப் படித்ததுமே எனக்கு என் உடம்பு ஞாபகம் வந்துவிட்டது. 1991-ல் என் இரண்டாவது மகனைச் சுமந்தபோது இதே இடத்தில், இதே வலி. கிராமம் கிராமமாக நடந்து தடுப்பூசி போடுகிற வேலை எனக்கு. வலிக்கிறது என்று சொன்னால் "நர்சுக்கே இப்படியா" என்பார்களே என்று வாயைத் திறக்கவில்லை. நீ எழுதிக் கேட்டது நல்ல காரியம்.

இடுப்பு என்பது ஒரு வளையம். பின்னால் இரண்டு மூட்டு, முன்னால் கவட்டில் ஒரு மூட்டு. கர்ப்பத்தில் இந்த மூட்டுகளைக் கட்டி வைத்திருக்கும் நார்கள் இளகும், அது எல்லோருக்கும் நடப்பதுதான். சிலருக்கு மட்டும் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் அசைந்து, வளையம் கோணலாக இழுபடுகிறது. கர்ப்பிணிகளில் ஐந்து பேரில் ஒருவருக்கு இப்படி வலி வருகிறது. பிள்ளைக்கு இதனால் ஒரு கெடுதலும் இல்லை. ஆனால் "நல்லதுதான்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருக்க வேண்டிய வலியும் இல்லை.

தண்ணீர் விஷயத்தில் உன் மாமியார் பயம் பொய் இல்லை. நம் தருமபுரி மாவட்டத்தில் ஃப்ளோரைடு என்ற உப்பு கலந்த போர் தண்ணீரால் முதுகு விறைத்துப்போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது பல வருஷமாக மெல்ல ஏறுவது. உனக்கோ ஏழாம் மாதத்தில் கவட்டில் தொடங்கியிருக்கிறது. இரண்டும் வேறு. இருந்தாலும் குடிக்க ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரையே பிடித்து வை, போர் தண்ணீர் வேண்டாம்.

இந்த வலிக்கு எதிரி, ஒற்றைக் காலில் பாரம் ஏறுவதும் தொடைகள் அகலுவதும்தான். புளி தட்ட ஒரு காலை மடித்து ஒரு காலை நீட்டி மணிக்கணக்கில் உட்காருகிறோமே, அதை இன்றோடு நிறுத்து. கொட்டை எடுக்கிற வேலையாவது செய்கிறேன் என்றால், நாற்காலியில் உட்கார்ந்து முறத்தை மேசைமேல் வைத்துக்கொள். பாவாடையைத் தலைவழியாகப் போடு. உள்ளாடையைக் கட்டிலில் உட்கார்ந்து மாட்டு. படுக்கும்போது முட்டிகளுக்கு நடுவே தலையணை வை, புரளும்போது இரண்டு முட்டியும் ஒட்டியபடியே புரளட்டும். பஸ் படியில் வலி குறைந்த காலை முதலில் வைத்து, மற்ற காலையும் அதே படிக்குக் கொண்டுவந்த பிறகு அடுத்த படி ஏறு. குந்தும் கக்கூஸ்தான் என்றால் மெடிக்கல் கடையில் கமோடு நாற்காலி கிடைக்கும். உன் வீட்டுக்காரர் உடனே செய்யக்கூடிய உதவி அது.

அடுத்த செக்கப்பில் பிசியோதெரபிக்குச் சீட்டு எழுதித் தரச் சொல். இடுப்பு பெல்ட்டை அவர்கள் போட்டுக் காட்டிய பிறகு வாங்கு. கடையில் 'வலி மாத்திரை' என்று கேட்டு வாங்கவே வாங்காதே. டாக்டர் சொன்ன அளவில் பாராசிட்டமால் சரி. டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் வகை மாத்திரைகள் 20 வாரத்துக்கு மேல் பிள்ளையின் சிறுநீரகத்தைப் பாதித்து, பனிக்குட நீரைக் குறைக்கலாம்.

இனி ஆபரேஷன். இந்த வலிக்காக மட்டும் ஆபரேஷன் தேவைப்படுவது மிக அபூர்வம். இடுப்பு சீக்கிரம் தேறும் என்று நினைத்து அதைக் கேட்காதே, அப்படித் தேறுவதாகத் தெரியவில்லை. வயிற்றுத் தையலும் இடுப்பு வலியும் சேர்ந்து, பிள்ளையைத் தூக்கி எழுந்திருப்பதே பாடாகிவிடும். உனக்கு முதல் பிரசவம் சுகமாக ஆகியிருப்பது பெரிய பலம்.

உன் பயம் காலை விரிப்பதுதானே? எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பிரசவ மேசையில் ஒருத்தர் என் இடது காலை மட்டும் பிடித்து வெளியே இழுத்தார். மகன் நல்லபடியாகப் பிறந்தான். நான் நாலு மாதம் சுவரைப் பிடித்து நடந்தேன். மல்லாந்து படுக்காமலே பெறலாம் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு வேலையில் இருந்த காலம் முழுக்க ஒவ்வொரு கர்ப்பிணியிடமும் கவட்டு வலி உண்டா என்று கேட்காமல் விட்டதில்லை.

அதனால் நீ இப்போதே செய்ய வேண்டியது ஒன்று. கட்டிலில் மல்லாந்து முட்டியை மடித்து, வலி தொடங்கும் வரை மட்டும் தொடையை அகற்று. முட்டிக்கு முட்டி எத்தனை சென்டிமீட்டர் என்று தையல் டேப்பால் உன் வீட்டுக்காரரை அளக்கச் சொல். உட்கார்ந்தும் ஒரு தடவை அள. அந்த அளவை தாய் சேய் அட்டையில் எழுதி, டாக்டரிடமும் பிரசவ வார்டு சிஸ்டரிடமும் காட்டு. "இதுக்கு மேல காலை அகட்டாதீங்க, ஒருக்களிச்சு படுத்துப் பெத்துக்கிறேன்" என்று சொல். முட்டி போட்டுக் கையை ஊன்றியும் பெறலாம். தையல் போட, ஆயுதம் வைத்துப் பிள்ளையை எடுக்க என்று காலைத் தூக்க வேண்டி வந்தால் இரண்டு காலையும் சேர்த்தே தூக்கி, சேர்த்தே இறக்க வேண்டும். முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டால் வலி தெரியாது, அப்போது இந்த அளவு இன்னும் முக்கியம். அரசு ஆஸ்பத்திரியில் பெண் துணை ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாம். உன் மாமியாரையே கூட்டிப் போ, அந்த அளவை அவரும் மனப்பாடம் செய்யட்டும்.

இவ்வளவும் செய்தும் தொடை கொஞ்சமும் அகலவில்லை என்றாலோ, எல்லாம் தெரிந்த பிறகும் மனசு ஆபரேஷன் பக்கமே நின்றாலோ, 36-ஆம் வாரத்துக்குள் டாக்டரிடம் உட்கார்ந்து பேசு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதிரம், நீர் கசிவு, காய்ச்சல், மூத்திரக் கடுப்பு, விட்டு விட்டு வயிறு இறுகுதல், பிள்ளை அசைவு குறைதல், கால் மரத்தல் இதில் எது வந்தாலும் கவட்டு வலிதான் என்று இருந்துவிடாமல் உடனே 108-க்குக் கூப்பிடு.

கேள்வி: மருமகளுக்குக் கவட்டு வலி. விளக்கெண்ணெய் தேய்த்துக் காலை நீவி இழுத்து விடலாமா?
– ஒரு மாமியார், ஊத்தங்கரை

பதில்: பின்னிடுப்பில் மெதுவாகத் தடவி, வெதுவெதுப்பான துணியால் ஒத்தடம் கொடுங்கள் அம்மா. காலை இழுக்கக் கூடாது, வயிற்றை உருவவும் கூடாது.

கேள்வி: மனைவிக்கு 35 வாரம். முதல் குழந்தை தலை மேலாக இருந்ததால் சிசேரியன், மூன்று வருஷம் ஆகிறது. இப்போது தலை கீழே இருக்கிறது. டாக்டர் நார்மலுக்கு முயலலாம் என்கிறார். கவட்டு வலி இருப்பதால் யோசனையாக இருக்கிறது.
– ராயக்கோட்டை வாசகர்

பதில்: தம்பி, ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயல்கிறவர்களில் நாலில் ஏறக்குறைய மூன்று பேருக்கு நார்மல் ஆகிறது. கவட்டு வலி அதைத் தடுக்காது, மேலே சொன்ன டேப் அளவு உங்களுக்கும் பொருந்தும். யோசிக்க வேண்டியது கர்ப்பப்பையில் உள்ள பழைய தையலைப் பற்றித்தான். சுமார் 200 பேரில் ஒருவருக்கு அது பிரசவ வலியின்போது பிரிகிறது. அதனால் இரவு பகல் எந்த நேரமும் ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் தயாராக இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில்தான் முயல வேண்டும். நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் பார்த்தார்களா, பழைய வெட்டு குறுக்கா நெடுக்கா என்று கேளுங்கள். முதல் ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து வையுங்கள். வலி எடுத்தால் பைக்கில் ஒரு பக்கமாக உட்கார வைத்துக் கூட்டிப் போகாதீர்கள். அந்த உட்காருதல் கவட்டை இன்னும் கோணலாக இழுக்கும்.