பாடத்தை விடும் முன்

கணக்குப் பாடத்தை விட்டால் ஜிஐ பில் (அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கான கல்வி உதவித் திட்டம்) தரும் வீட்டுப்படி நின்றுவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள் நண்பரே. முதலில் கல்லூரியின் முன்னாள் ராணுவத்தினர் அலுவலகத்தில் சான்றளிக்கும் அலுவலரைப் பாருங்கள். உங்கள் பாடச்சுமையை விஏ-வுக்கு, அதாவது அமெரிக்க முன்னாள் ராணுவத்தினர் நலத்துறைக்கு, தெரிவிப்பவர் அவர்தான். (பேராசிரியர்களுக்கு இந்த விவகாரம் பெரும்பாலும் தெரியாது.)

முழுநேரச் சுமையில் பாதிக்கு மேல் இருந்தால்தான் படி. 12 கிரெடிட் (பாடச்சுமையை அளக்கும் அலகு) 9 ஆனால் நிற்காது, குறையும். மிச்சமெல்லாம் ஆன்லைன் என்றால் இன்னும் குறையும். விடும் நாள் வரை வாங்கிய பணத்துக்கு, முதல்முறை மட்டும், 6 கிரெடிட் வரை காரணம் கேட்காமல், திருப்பிக் கட்டுவதிலிருந்து விலக்கு உண்டு. வாழ்நாளில் ஒரே தடவை, அதை இதற்குச் செலவழிக்க வேண்டுமா?

அப்புறம், தனிப்பயிற்சிக்கு விஏ மாதம் 100 டாலர் வரை, மொத்தம் 1,200 வரை தருகிறது. அதைப் பற்றியும் அவரிடமே கேளுங்கள்.