டிராக்டர் டவுட்: காலைல மட்டும் மக்கர் பண்ற பழைய இன்ஜின்

கேள்வி: என்கிட்ட இருக்கிறது ரொம்ப பழைய டீசல் டிராக்டர். காலைல செல்ஃப் அடிச்சு அடிச்சு பேட்டரியே இறங்கிடுது, ஒருவழியா புடிச்சிடுச்சுன்னா அப்புறம் சாயங்காலம் வரைக்கும் ஆஃப் பண்ணி ஆஃப் பண்ணி போட்டாலும் டக்குனு எடுக்குது. டீசல் பம்பைக் கழட்டி சர்வீஸ் பண்ணியாச்சு, அப்பவும் அதே கதைதான். வேற எங்க பாக்கிறது?

பதில்: பம்புக்குச் செலவு பண்ணதுதான் வருத்தமா இருக்கு. தேஞ்சுபோன ரோட்டரி பம்ப் பெரும்பாலும் தலைகீழா பண்ணும், டீசல் சூடாகி நீர்த்துப்போய் பம்புக்குள்ளயே கசிஞ்சிடறதால சூட்டுலதான் ஸ்டார்ட் ஆகாது.

நாளைக்கு செல்ஃப் அடிக்கிறப்ப ஒருத்தரை சைலன்சரையே பாக்கச் சொல்லுங்க. புகையே இல்லன்னா டீசல் போகல, ராத்திரி எங்கயோ ஒரு வாஷர் வழியா காத்து ஏறிருக்கும், அடுத்த நாள் செல்ஃப் அடிக்கிறதுக்கு முன்னாடியே டீசல் ஃபில்டர்ல காத்தை வெளியேத்துற பிளீட் ஸ்க்ரூவைத் தளர்த்தி கைப்பம்ப் அடிச்சுப் பாருங்க, நுரை வந்து அப்புறம் வண்டியும் உடனே எடுத்துச்சுன்னா அதேதான்.

வெள்ளைப் புகை கொட்டுதுன்னா டீசல் போகுது, எரியலன்னு அர்த்தம். உங்க விஷயத்துல எனக்கு இதுமேலதான் சந்தேகம். டீசல் இன்ஜின்ல ஸ்பார்க் கிடையாது, காத்தை சுமார் 16 முதல் 20 மடங்கு அமுக்கறப்ப வர்ற சூடுதான் பத்தவைக்கணும், இன்ஜின் மெதுவா சுத்துனா அந்தச் சூடு பூரா ஜில்லுனு இருக்கிற சிலிண்டர் சுவருக்கே போயிடும். அதனால முதல்ல எர்த் கேபிள். செல்ஃப் அடிக்கிறப்ப பேட்டரி மைனஸுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டுனா கழட்டி பெயின்ட், துரு எல்லாம் சுரண்டிட்டு மாட்டுங்க (பழைய வண்டியில பாதிக்கு இதான், யாரும் பாக்கறதில்ல). அப்புறம் குளோ பிளக் (ஸ்டார்ட் பண்றப்ப சிலிண்டரைச் சூடாக்குறது) சூடாகுதான்னு பாருங்க, வால்வ் இடைவெளி ரொம்பக் கம்மியா இருக்கான்னும் பாருங்க, வால்வ் சரியா மூடலன்னா அமுக்கம் போயிடும். எல்லாம் சரியா இருந்தும் வெள்ளைப் புகைன்னா சிலிண்டர் அமுக்கத்தை அளக்குற கம்ப்ரஷன் டெஸ்ட்தான், பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கலாம்.

கேள்வி: அதுவரைக்கும் ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிச்சு ஓட்டலாமா?

பதில்: குளோ பிளக்கோ ஏர் ஹீட்டரோ இருந்தா வேண்டவே வேண்டாம். அந்த ஸ்ப்ரேல இருக்கிற ஈதர் 160 டிகிரி வாக்குலயே தானா பத்திக்கும், பிஸ்டன் மேல ஏறிட்டு இருக்கும்போதே வெடிச்சா பிஸ்டனோ ரிங்கோ உடையும், அந்த மாடலுக்கு இப்ப பிஸ்டன் தேடி அலையறது தனி வேலை.