எந்த டியூஷன் என்று கேட்ட தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சிக்கு,

ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் ஊர்ப் பக்கத்திலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. வயது 34. எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கடலில் இறங்கிப் பாசி எடுக்கும் தொழில். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். "நானும் பத்தாவது எழுதலாமா அண்ணே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எழுதலாம். எட்டாவது தேறி 14½ வயது நிறைந்தவர்கள் தனித்தேர்வராக எழுதலாம், அதற்கு மேல் வயது வரம்பு கிடையாது. 5 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 35 எடுத்தால் தேர்ச்சி. ஒன்றில் தவறினால் அந்தப் பாடத்தை மட்டும் மறுபடி எழுதினால் போதும். அறிவியலில் செய்முறையும் இருப்பதால் அதற்கான பயிற்சிக்கு முன்கூட்டியே தனியாகப் பதிய வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

என் மனதை உறுத்தியது உங்கள் கடைசி வரி. "நல்ல டியூஷன் சென்டர் ஒன்று சொல்லுங்கள், அவங்க சொல்றபடி படிச்சுக்கிறேன்." சென்டர் பெயரை நான் சொல்லப்போவதில்லை. உங்கள் படிப்பை முதல் நாளே இன்னொருவர் கையில் கொடுத்துவிட வேண்டாம் என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன் தொண்டிப் பக்கத்து விசைப்படகுத் தொழிலாளி ஒருவருக்கு நானே உட்கார்ந்து டைம்டேபிள் போட்டுக் கொடுத்தேன். தினமும் மாலை 6 முதல் 8 வரை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையுள்ள 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஒருநாள் தவறாமல் படித்தார். படகு மறுபடி கடலுக்குப் போனதும் எல்லாம் நின்றது. அவரைச் சோம்பேறி என்றார்கள். தவறு என்னுடையது. அது நகரத்து ஆபீஸ்காரருக்குப் பொருந்துகிற அட்டவணை. அவருடைய நாள் எப்படிப் போகிறது என்று நான் கேட்கவே இல்லை.

உங்கள் நாளோ ஓதத்தை, அதாவது கடல்நீர் ஏறி இறங்குவதைப் பார்த்து நடப்பது. அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், ஆக மாதம் 12 நாள்தான் பாசிக்கு இறங்குவது என்று உங்கள் பகுதிப் பெண்களே பேசி வைத்திருக்கிறீர்கள். அந்த 12 நாளில் புத்தகத்தைத் தொட வேண்டாம். பாறை கீறாமல் இருக்க விரலில் சுற்றிய துணியை அவிழ்க்கும்போது கை எப்படி எரியும் என்று உங்களுக்குத்தான் தெரியும். மிச்சமிருக்கும் 18 நாளில் உங்கள் அட்டவணையை நீங்களே போடுங்கள். கிழமை பார்த்துப் போட வேண்டாம், பிறை பார்த்துப் போடுங்கள். தடைக்காலத்தில் வீட்டுக்காரர் கரையில் இருப்பாரே, அந்த இரண்டு மாதம் இரவுச் சமையலை அவர் ஏற்கட்டும். இதைச் சங்கடப்படாமல் கேளுங்கள்.

"படிச்சது மண்டையில நிக்காது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். வயதைக் குறை சொல்ல வேண்டாம். ஒரே பக்கத்தை நாலு தடவை வாசித்தால் எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், ஆனால் அது கண்ணுக்குப் பழகியது மட்டும்தான். ஒரு தடவை வாசியுங்கள், புத்தகத்தை மூடுங்கள், நினைவில் இருப்பதை வெறும் தாளில் எழுதுங்கள். பிறகு புத்தகத்தோடு ஒப்பிட்டு, விட்டதை மட்டும் வேறு நிற மையில் எழுதுங்கள். இரண்டு நாள் கழித்து இன்னொரு தடவை, அடுத்த பிறைக்கு இன்னொரு தடவை. எது வந்தது, எது வரவில்லை என்று வாத்தியார் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

வரவே வராத கணக்குகளை ஒரு தனி நோட்டில் சேருங்கள். பத்து கணக்கு சேர்ந்ததும் அதோடு ஒரு ஆசிரியரிடம் போங்கள். சென்டரில் சேர்ந்தாலும் இப்படித்தான், கேள்வியோடு போங்கள். முக்கோணவியலில் கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து படகைப் பார்க்கும் இறக்கக் கோணக் கணக்கு வரும். அது பல பிள்ளைகளுக்குப் படத்தில் மட்டும் பார்த்த சமாசாரம். நீங்கள் பாம்பன் விளக்கைத் தண்ணீரிலிருந்து அண்ணாந்து பார்த்தவர். உங்களுக்குப் புரிந்ததும் மகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். சொல்லும்போது எங்கே தடுக்குகிறதோ, அங்கே மறுபடி படிக்க வேண்டும்.

பாசி எடுக்க உங்களுக்கு யார் வகுப்பு எடுத்தார்கள்? மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில், கஞ்சிப்பாசி எங்கே, இன்றைக்கு நீர் கலங்கலா தெளிவா என்பதையெல்லாம் அம்மாவோடு இறங்கி, கவனித்து, தப்புச் செய்து, திருத்திக் கற்றீர்கள். நான் சொல்கிற படிப்பும் அதே மாதிரிதான். 1990களின் தொடக்கத்தில் பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். தங்களுக்கு எது தேவை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்களுக்கு எது தேவை? இதை மட்டும் நான் சொல்ல முடியாது. அரசு ஐடிஐயில் சேர வேண்டுமா? பெண்களுக்கு அங்கே உச்ச வயது வரம்பு இல்லை. அரசு வேலையா? அப்படியானால் ஒரு எச்சரிக்கை. "பத்து, பன்னிரண்டு இல்லாமலே நேரடியாக டிகிரி" என்று யாராவது ஆசை காட்டினால் பணம் கட்டாதீர்கள். அப்படி வாங்கும் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் தமிழக அரசு வேலைக்குச் செல்லாது என்று 2009லேயே அரசாணை வந்துவிட்டது. மகளுக்குச் சமமாக உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதே ஆசை என்றால், அதுவும் போதுமான காரணம். யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அடுத்த அமாவாசைக்குள் இரண்டு காரியம் முடியுங்கள். எட்டாம் வகுப்பு மாற்றுச் சான்றிதழைத் தேடி எடுங்கள். தொலைந்திருந்தால் படித்த பள்ளியில் போய்க் கேளுங்கள். பிறகு மகளின் பையிலிருந்து சமூக அறிவியல் புத்தகத்தை எடுத்து, நீங்கள் விரும்பிய ஒரு பாடத்தை வாசித்து, மூடி வைத்து, ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளை அடித்தல் திருத்தலோடு அப்படியே எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்