கணினி படிக்காத எழுத்தாளர் தன் இணையதளத்தைத் தானே உருவாக்க முடியுமா?

கேள்வி: சிறுகதைகள் எழுதுகிறேன், இரண்டு தொகுப்புகள் வந்திருக்கின்றன. கணினி படித்ததில்லை. எனக்கென ஓர் இணையதளத்தை நானே உருவாக்கக் கற்றுக்கொள்ளலாமா, இல்லை காசு கொடுத்துச் செய்துகொள்வதுதான் நல்லதா?

தாராளமாகக் கற்றுக்கொள்ளலாம். நானும் கதை எழுதுகிறவன்தான், கல்லூரியில் படித்தது வரலாறு. என் தளத்தை நானே எழுதி நானே பார்த்துக்கொள்கிறேன். எழுத்தாளருக்கு வேண்டிய தளம் ரொம்பச் சின்னது. யாரும் உள்நுழைய வேண்டாம், பணம் கட்ட வேண்டாம். வருகிறவர் உங்களைப் பற்றி நாலு வரி தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு கதையைப் படிக்க வேண்டும், புத்தகம் எங்கே கிடைக்கும் என்று பார்க்க வேண்டும், உங்களுக்கு ஒரு கடிதம் எழுத வழி வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் எச்டிஎம்எல் படியுங்கள். வலைப்பக்கத்தில் எது தலைப்பு, எது பத்தி என்று உலாவிக்குச் சொல்லும் குறிமொழி அது. வேர்ட்பிரஸ் போன்ற தளம் அமைக்கும் மென்பொருள், ஆயத்த வார்ப்புரு எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். நோட்பேடைத் திறந்து உங்கள் கதை ஒன்றை ஒட்டுங்கள். தலைப்பின் இரு பக்கமும் 'எச்1' குறி (முன்னால் <h1>, பின்னால் </h1>), அதேபோல ஒவ்வொரு பத்திக்கும் 'பி' குறி (<p>, </p>). கோப்பின் பெயர் 'டாட் எச்டிஎம்எல்' (.html) என்று முடியும்படி சேமித்து, குரோம் உலாவியில் திறந்து பாருங்கள். வலைப்பக்கம் தயார். இதற்கு இணைய இணைப்புகூடத் தேவையில்லை. ஒரு கதைக்கோ கட்டுரைக்கோ இப்படிப் பத்துப் பதினைந்து குறிகளுக்கு மேல் வேண்டியிருக்காது. எழுத்தின் அளவு, நிறம், ஓரங்களில் எவ்வளவு இடம் விடுவது என்பதெல்லாம் சிஎஸ்எஸ் என்ற தனிக் கோப்பில் இருக்கும். எல்லாப் பக்கங்களுக்கும் அந்த ஒரே கோப்பு போதும். பக்கத்தை இயங்க வைக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்ட் உங்களுக்கு வேண்டவே வேண்டாம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எச்டிஎம்எல் வெறும் எழுத்துக்கோப்பு. அது நீண்ட நாள் வாழும். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ, செர்ன் என்ற ஐரோப்பிய இயற்பியல் ஆய்வகத்தில் தொடங்கிய உலகின் முதல் இணையதளத்தை, 2013இல் அதன் பழைய முகவரியிலேயே மீண்டும் வைத்தார்கள். 1990களின் தொடக்கத்தில் எழுதிய அந்தப் பக்கங்கள் இன்றைய கைபேசியிலும் திறக்கின்றன. இன்னொரு பக்கம், நம் கதையைப் பாருங்கள். 2000களில் மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற யாகூ குழுமங்களில், அதாவது மின்னஞ்சல் வழியே கூடிப் பேசும் குழுக்களில், தமிழில் எத்தனை விவாதங்கள், எத்தனை பேருடைய முதல் கதைகள்! யாகூ நிறுவனம் 2019 டிசம்பரில் குழுமப் பதிவுகளைத் தளத்திலிருந்து நீக்கியது, அடுத்த டிசம்பரில் அந்தச் சேவையையே மூடியது. தனியே படி எடுத்து வைத்திருந்தவர்களுக்குக் கவலை இல்லை. முகநூலில் மட்டும் எழுதிக்கொண்டிருக்கும் நண்பர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இதுதான் நினைவுக்கு வருகிறது. அங்கே எழுதட்டும், வாசகர் அங்கேதான் இருக்கிறார். ஆனால் மூலப்பிரதி நம்மிடம் இருக்க வேண்டும்.

படிக்க எங்கே போவது என்றால், ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மொசில்லாவின் எம்டிஎன் ஆவணங்களும் டபிள்யூ3ஸ்கூல்ஸும் ஆங்கிலத்தில் இருக்கின்றன, இலவசம். தமிழில் கணியம் தளத்தில் எளிய நடையில் பாடங்களும் மின்னூல்களும் உண்டு. இப்போது சாட்ஜிபிடியிடம் கேட்டாலும் முழுப் பக்கத்தையும் எழுதித் தந்துவிடும். வாங்கிக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் அதில் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று அதனிடமே கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே தளத்தில் ஏற்றுங்கள். புரியாத வரி ஒன்று இருந்தால்கூட, பிறகு ஒரு திருத்தம் செய்ய நினைக்கும்போது கை நடுங்கும்.

இனித் தமிழுக்கே உரிய சில விஷயங்கள். ஆங்கிலப் பாடங்களில் இவை கிடைக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் பழைய கதைகள் எந்த எழுத்துருவில் இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். பாமினி, டாம், டாப் என்று ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) முந்தைய எழுத்துருவில் அடித்த கோப்புகள் இணையத்துக்கு உதவாது. பாமினியில் 'தமிழ்' என்று அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். கூகுளுக்கும் அப்படித்தான் தெரியும். அச்சகத்திலிருந்து வாங்கும், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகளிலும் பெரும்பாலும் இதே சிக்கல். என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாற்றிய பிறகு வரிவரியாகப் படித்தே ஆக வேண்டும். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் 'ர' வந்து உட்கார்ந்திருக்கும். 'ஔ'வுக்குப் பதில் 'ஒ'வும் 'ள'வும் தனித்தனியாக நிற்கும். கண்ணுக்குத் தெரியாது, தேடும்போது சொல் அகப்படாது. இந்த மெய்ப்பு வேலைதான் தளம் அமைப்பதில் மிகப் பெரிய வேலை. குறியீடு கற்பதைவிட இதற்கே அதிக நேரம் ஒதுக்குங்கள்.

பக்கத்தின் தொடக்கத்தில் இரண்டு விஷயங்கள் கட்டாயம்: எழுத்துக்குறியீடு யுடிஎஃப்-8 (ஒருங்குறி எழுத்தைக் கோப்பில் சேமிக்கும் முறை) என்ற அறிவிப்பு, மொழி தமிழ் என்ற அறிவிப்பு. முதலாவது இல்லாவிட்டால் சில நேரம் எழுத்துகள் குப்பையாகத் தெரியும். இரண்டாவது இருந்தால், பார்வையற்ற வாசகர்களுக்குத் திரையில் இருப்பதை உரக்கப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான், அதில் தமிழ்க் குரல் இருந்தால் பக்கத்தை அந்தக் குரலில் படிக்கும். என் கதைகளைக் கேட்டே வாசிக்கும் ஒருவர் எனக்கு எழுதியிருக்கிறார். அந்த ஒரு கடிதத்துக்காகவே இவ்வளவும் கற்றது தகும் என்று நினைக்கிறேன்.

எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்த மலர் மூன்றும் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகக் கிடைக்கும். நீண்ட கதைக்கு எனக்குப் பிடித்தது நோட்டோ செரிஃப். எழுத்தளவு 18 பிக்சலுக்குக் குறையக் கூடாது. வரி உயரத்தை எழுத்தளவைப் போல 1.7, 1.8 மடங்கு என்று வையுங்கள். நம் எழுத்தில் 'கீ' மேலே சுழிக்கும், 'ஞூ' கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.4இல் வரிகள் ஒன்றோடொன்று உரசும். இரு ஓரமும் சமமாக நிற்கும்படி ஜஸ்டிஃபை செய்யாதீர்கள். தமிழ்ச் சொற்கள் நீளமானவை, கைபேசித் திரையில் சொற்களுக்கு இடையே பெரிய ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் ஒழுங்காக இருந்தால் போதும். சாய்வெழுத்தும் வேண்டாம். பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் சாய்வு வடிவம் கிடையாது, உலாவி தானே எழுத்தை இழுத்துச் சாய்க்கும், பார்க்கச் சகிக்காது. அழுத்தம் தர வேண்டிய இடத்தில் தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ போடலாம்.

கவிதையும் எழுதுவீர்கள் என்றால் இன்னொன்று. நீண்ட வரி கைபேசியில் மடியும்போது, வரி முடிந்துவிட்டதா மடிந்திருக்கிறதா என்று வாசகருக்குத் தெரியாது. ஒவ்வொரு வரியையும் தனிப் பத்தியாக வைத்து, இடப்பக்கம் கொஞ்சம் இடம் விட்டு, முதல் வரியை மட்டும் அதே அளவு பின்னால் இழுத்தால் மடிந்த பகுதி உள்ளே தள்ளி நிற்கும். சிஎஸ்எஸ்ஸில் இதற்கு இரண்டே வரிகள்.

பக்க முகவரிகளை ஆங்கில எழுத்தில் வையுங்கள். தமிழில் வைக்க எனக்கும் ஆசைதான். ஆனால் நகலெடுத்து வாட்ஸப்பில் ஒட்டும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் பெரும்பாலும் ஒன்பது எழுத்துக் குறியீடாக விரிந்துவிடும். 'அம்மா' என்ற சின்னத் தலைப்பே 45 எழுத்து ஆகிவிடும். அதோடு, ஒருமுறை வைத்த முகவரியை மாற்றவே மாற்றாதீர்கள். யாரோ ஓர் ஆய்வு மாணவர் உங்கள் கதைக்கு இணைப்புக் கொடுத்திருப்பார்.

ஆய்வு மாணவர் என்றதும் நினைவுக்கு வருகிறது: நூற்பட்டியல் பக்கம் ஒன்று அவசியம். ஒவ்வொரு கதையும் முதலில் எந்த இதழில், எந்த மாதம், எந்த ஆண்டு வந்தது, எந்தத் தொகுப்பில் இருக்கிறது என்று எழுதி வையுங்கள். தமிழில் சிற்றிதழ்கள் வந்த வேகத்தில் நின்றுபோகும். உங்கள் கதை வெளிவந்த இதழின் பிரதி நூலகத்தில் இருக்கும் என்று நம்ப முடியாது. இந்தத் தகவலை உங்களைத் தவிர வேறு யாரும் இவ்வளவு துல்லியமாகத் தர முடியாது.

தளத்தை இணையத்தில் ஏற்ற கிட்ஹப் பேஜஸ், நெட்லிஃபை இரண்டும் இலவசம், எதில் வேண்டுமானாலும் வையுங்கள். காசு செலவாகும் ஒரே இடம் டொமைன் பெயர்தான், அதாவது உங்கள் தளத்தின் சொந்த முகவரி. 'டாட் காம்' ஆண்டுக்கு ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ஆகும். முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காமல், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். ஆள் வைத்தே தளம் செய்துகொண்டாலும்கூட டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவாக வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு கவிஞரின் டொமைன், தளம் செய்துகொடுத்தவர் பெயரில் இருந்தது. அவர் தொழிலை விட்டுப் போனதும் முகவரி காலாவதியாகி, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். கவிஞரின் பெயரைத் தட்டினால் இப்போது ஏதோ விளம்பரப் பக்கம் வருகிறது.

தொகுப்பில் வந்த கதைகளை ஏற்றும் முன் பதிப்பாளருடன் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். காலம் குறிப்பிடாமல் உரிமையை எழுதிக் கொடுத்திருந்தால், இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி அது 5 ஆண்டுதான் செல்லும். எப்படியிருந்தாலும் பதிப்பாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, தொகுப்புக்கு இரண்டு மூன்று கதைகளாக ஏற்றுவது நல்லது. முழுக்கதையையும் படித்தவர்தான் புத்தகத்தைத் தேடிப் போகிறார் என்பது என் அனுபவம்.

கடைசியாக, கடவுச்சொற்களை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்து வையுங்கள். இந்தியாவில் பதிப்புரிமை எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை இருக்கும், டொமைனையோ ஒரே நேரத்தில் அதிகபட்சம் 10 ஆண்டுக்குத்தான் பதியலாம். அதனால் புதிய கதை ஒன்றை ஏற்றும்போதெல்லாம், வலைப்பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின் பக்கத்தில் அதன் முகவரியைக் கொடுத்து ஒரு படி சேமித்துவிடுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது, கணக்கும் தொடங்க வேண்டியதில்லை.