காரோடு வந்த அலாய் வீலை வீட்டிலேயே பெயின்ட் அடிக்கலாமா? சீக்கிரம் உரிந்துவிடாதா?

தாராளமாக அடிக்கலாம், ஸ்ப்ரே கேனே போதும். உரிந்துபோகிற வீல்களில் பெயின்ட்டைக் குறை சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. அடியில் பிரேக் தூசியும் டயர் பாலிஷும் ஒட்டியிருக்கும், அல்லது பழைய கிளியர் கோட்டின் (நிறத்துக்கு மேலே இருக்கும் நிறமற்ற பூச்சு) பளபளப்பைத் தேய்த்து எடுக்காமலே மேலே அடித்திருப்பார்கள். முக்கால்வாசி வேலை கழுவுவதும் தேய்ப்பதும்தான்.

விரிசல் விட்ட வீலையும் வளைந்த வீலையும் பட்டி பார்த்து மறைக்காதீர்கள், அது உயிரோடு விளையாடுவது. குரோம் முலாம் பூசியதையும் விட்டுவிடுங்கள், வீட்டில் அடிக்கிற பெயின்ட் அதில் நிற்காது. முகப்பை லேத்தில் சீவிய டைமண்ட் கட் வீலுக்கு அடிக்கலாம், ஆனால் அந்தப் பழைய மினுக்கம் போனது போனதுதான்.

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தி வைக்காமல், அடியில் ஸ்டாண்ட் கொடுத்து வீலைக் கழற்றுங்கள். சோப்புத் தண்ணீரில் உள்பக்கம் உட்பட கழுவி, ஒட்டியிருக்கும் ரோட்டுத் தாரை எடுத்து, கிரீஸ் ரிமூவரால் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும். இந்த வரிசை மாறினால் டயர் பாலிஷில் உள்ள சிலிகான் கீறல்களுக்குள் இறங்கிவிடும். அப்புறம் என்ன அடித்தாலும் பெயின்ட் வட்ட வட்டமாக விலகிக் குழி விழும். பின்பக்கம் ஓரிடத்தில் தின்னர் நனைத்த துணியை வைத்துத் தேய்த்துப் பாருங்கள். நிறம் துணியில் வந்தால் யாரோ ஏற்கெனவே கேனில் அடித்த வீல் அது, அந்தப் பூச்சை முழுவதும் எடுக்க வேண்டும். கம்பெனி பூச்சு கரையாது. அது உறுதியாக இருந்தால் சொரசொரப்பாக்கினாலே போதும், உலோகம் வரை போக வேண்டியதில்லை.

விளிம்பில் உரசிய இடத்தை 180 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து, நகத்தை ஓட்டினால் படி தட்டாத அளவுக்குக் கொண்டு வாருங்கள். ஆழமான பள்ளத்துக்குப் பட்டி வைத்து 320-ல் சமன் செய்யுங்கள். பிறகு வீல் முழுவதும் 400, அடுத்து 600 வாட்டர் பேப்பர். ஸ்போக் மூலைகளுக்கும் நட் துளையைச் சுற்றியும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நார் நன்றாக வளைந்து கொடுக்கும். முதலில் உரிவது அந்த மூலைகள்தான். கிளியருக்கு அடியில் புழு ஊர்ந்தது போல வெள்ளைக் கோடுகள் தெரிந்தால் அது அலுமினிய அரிப்பு. உலோகம் பளிச்சென்று தெரியும்வரை எடுக்காவிட்டால் புதுப் பெயின்ட்டுக்கு அடியிலும் ஊர்ந்துகொண்டே போகும்.

உலோகம் தெரிகிற இடத்துக்கு எட்ச் பிரைமர் (வெற்று உலோகத்தைப் பிடித்துக்கொள்ளும் அமிலப் பிரைமர்) மெல்லிசாக ஒரு கோட். தேய்த்த அலுமினியத்தில் ஆக்சைடு உடனே படிய ஆரம்பிப்பதால் மறுநாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். எட்ச் பிரைமரின் மேல் பட்டி வைக்கக் கூடாது, அதிலுள்ள அமிலம் பட்டியைச் சரியாக இறுகவிடாது. அதன் மேல் சாதாரண பிரைமர் இரண்டு கோட், காய்ந்ததும் 600-ல் லேசாக ஒரு தேய்ப்பு.

டயரை மறைக்க விளிம்புக்கும் டயருக்கும் நடுவே சீட்டுக்கட்டுச் சீட்டுகளை வரிசையாகச் செருகுங்கள், டேப்பைவிடச் சுலபம். வால்வை மூடுங்கள். நட் உட்காரும் கூம்பையும், காரில் வீல் மாட்டும் ஹப்பில் பதியும் பின்முகத்தையும் கட்டாயம் மூடுங்கள். அங்கே பெயின்ட் இருந்தால் ஓட்ட ஓட்ட நசுங்கி, அந்த அளவுக்கு நட்டின் இறுக்கம் குறையும். இந்த வேலையில் உண்மையிலேயே ஆபத்தான தவறுகளில் இதுவும் ஒன்று.

15, 16 அங்குல வீல் நான்கின் முகப்புக்கு 400 மில்லி கேனில் பிரைமர் 2, நிறம் 3, கிளியர் 2 அல்லது 3 பிடிக்கும். நேர் வெயிலும் மழை ஈரமும் இல்லாத நேரம் பாருங்கள். கேனை இரண்டு நிமிடம் குலுக்கி, 20-25 செ.மீ. தள்ளி, கையை நிறுத்தாமல் அடியுங்கள். முதல் கோட்டில் அடி தெரியத்தான் செய்யும். அதை மறைக்க அவசரப்பட்டால் வழியும். கோட்டுக்குக் கோட்டு பத்து நிமிடம். வழிந்துவிட்டால் ஈரத்தில் தொடாதீர்கள், நன்றாகக் காய்ந்த பின் வாட்டர் பேப்பரில் சமன் செய்து அந்த இடத்தில் மறுபடி அடிக்கலாம். மறுகோட் நேரம் கேனிலேயே போட்டிருக்கும். அதை மீறினால் கீழ்க்கோட் சுருங்கி எழும்பும்.

கிளியரில் 2கே வகைதான் (கேனைத் திறந்துவிடும்போது உள்ளே ஹார்ட்னர் கலக்கும் வகை) பெட்ரோலுக்கும் வீல் கிளீனருக்கும் தாங்கும். அதில் மூச்சுக்குக் கேடான ஐசோசயனேட் இருக்கிறது, துணி முகமூடி எதற்கும் உதவாது. பெயின்ட் ஆவிக்கான வடிகட்டி முகமூடி, கண்ணாடி, கையுறை, திறந்தவெளி இவை இல்லையென்றால் ஹார்ட்னர் இல்லாத 1கே போதும் என்று விடுங்கள். 2கே கேனைத் திறந்துவிட்டால் உள்ளேயே இறுகிவிடும், அதனால் நான்கு வீலையும் ஒரே மூச்சில் முடிக்க வேண்டும்.

குறைந்தது ஒரு முழு நாள் காயவிட்டு மாட்டுங்கள். நட்டுகளைக் குறுக்கு வரிசையில், காரின் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்கி, 50-100 கி.மீ. ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். ஒரு வாரத்துக்கு வீலைக் கழுவ வேண்டாம், அமிலம் கலந்த கிளீனரை அதற்குப் பிறகும் தொட வேண்டாம். தேய்க்கும்போது பேலன்ஸ் வெயிட் ஏதாவது விழுந்திருந்தால் ஸ்டியரிங் ஆடும், பேலன்சிங் பார்த்துவிடுங்கள்.