பழைய கோர்ட்டுச் சொற்கள்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

இங்கிலாந்து கோர்ட்டுகளில் புழங்கிய பழைய லத்தீன், பிரெஞ்சுச் சொற்களைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்றிருந்தேன், நிறையவே வந்துவிட்டது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அகராதியை வைத்துக்கொண்டு சொல்லைப் பிரித்துப் பொருள் தேடாதீர்கள். அந்தச் சொல் வந்ததும் யார் உள்ளே போனார், யார் வெளியே வந்தார், யார் பணம் கட்டினார் என்று பாருங்கள், பொருள் அங்கேதான் இருக்கிறது.

கேள்வி: சார், ஹேபியஸ் கார்பஸ் என்றால் 'உடலைக் கொண்டு வா' என்கிறார்கள். அப்படியானால் இறந்தவர் உடலைக் கேட்டும் போடலாமா?

அகராதி வேண்டாம் என்றது இதற்காகத்தான். அங்கே உடல் என்றால் உயிரோடு அடைபட்டிருக்கும் ஆள். ஆரம்பத்தில் அது ஒருவரைக் கோர்ட்டுக்கு வரவழைக்கும் உத்தரவு, அவ்வளவுதான். பிறகுதான் 'இவரை எந்தச் சட்டப்படி அடைத்து வைத்திருக்கிறாய், காரணம் சொல்' என்று சிறைக்காரனைக் கேட்கும் ஆயுதமாக மாறியது, 1679-இல் அதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. சிறைக்காரன் மட்டுமல்ல, தனி ஆளும் பதில் சொல்ல வேண்டும். 1771-இல் ஜேம்ஸ் சாமர்செட் என்ற அடிமையைக் கப்பலில் பூட்டி ஜமைக்காவுக்கு அனுப்பப் பார்த்தார்கள், உத்தரவு போனது கப்பல் தலைவனுக்கு. 1772-இல் நீதிபதி மான்ஸ்ஃபீல்ட் பிரபு அவரை விடுவித்தார். நம் ஊரில் குண்டர் சட்டத்தில் உள்ளே போனவருக்காக வீட்டார் உயர் நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனு இதே வம்சம்தான்.

கேள்வி: அண்ணா, மார்ட்கேஜ் என்பதில் சாவு எங்கிருந்து வந்தது?

நல்ல கேள்வி. பழைய பிரெஞ்சில் 'செத்த ஈடு' என்று அர்த்தம், ஆனால் எது செத்தது என்பதற்கு இரண்டு விளக்கம் உண்டு. பின்னால் வந்த விளக்கம்: கடனைக் கட்டாவிட்டால் நிலம் கடன் வாங்கியவனுக்குச் செத்தது, கட்டிவிட்டால் கடன் கொடுத்தவனுக்குச் செத்தது. எனக்குப் பிடித்தது 12-ஆம் நூற்றாண்டில் கிளான்வில் பெயரில் வந்த நூல் தரும் விளக்கம். ஈடாக வைத்த நிலத்தின் விளைச்சலைக் கடன் கொடுத்தவன் எடுத்துக்கொள்கிறான், ஆனால் அதில் ஒரு காசுகூட அசலில் கழியாது, அதனால் அது செத்த ஈடு. விளைச்சல் அசலில் கழிந்தால் உயிருள்ள ஈடு. நம் ஒத்தியை நினைத்துக்கொள்ளுங்கள். வாடகை இல்லாமல் குடியிருந்துவிட்டுக் கடைசியில் முழு ஒத்திப் பணத்தையும் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறோமே, கிளான்வில் கணக்கில் அது அசல் செத்த ஈடு.

கேள்வி: கேவியட் போட்டுவிட்டேன், இனி எதிராளி ஸ்டே வாங்க முடியாது அல்லவா?

முடியும்! தயவுசெய்து இதை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். கேவியட் என்றால் 'எச்சரிக்கையாக இருக்கட்டும்'. உங்களுக்கு நோட்டீஸ் தராமல் எதிராளி கேட்கும் உத்தரவைப் போடக்கூடாது என்பதுதான் அதன் வேலை. நீங்கள் போய் வாதாட வேண்டும், தோற்றால் ஸ்டே கிடைத்துவிடும். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 148-ஏ பிரிவின்படி அதன் ஆயுள் 90 நாள்தான். தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து கேட்கிறேன். எங்கள் பழைய உறுதிகளில் ஃபிடெய்கொமிஸம் என்று வருகிறதே?

சொத்தைப் பெற்றவர் பிறகு அதை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும் என்று கட்டிவைக்கும் ஏற்பாடு அது. ரோமன் டச்சுச் சட்டம் வழியாக உங்களிடம் வந்தது, நான் படித்த ஆங்கிலச் சட்ட மரபு வேறு. உறுதியை எடுத்துக்கொண்டு அங்குள்ள நொத்தாரிசு ஒருவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: டியோடண்ட் என்று ஒரு சொல் பார்த்தேன். வண்டிக்கே தண்டனை கொடுத்தார்களாமே, மூடநம்பிக்கைதானே?

கடவுளுக்குக் கொடுக்க வேண்டியது என்று பொருள். ஒரு வண்டியோ குதிரையோ ஆளைக் கொன்றுவிட்டால் மரண விசாரணை ஜூரி அந்தப் பொருளுக்கு ஒரு விலை போடும். அந்தத் தொகை அரசருக்கோ, அரசர் அந்த உரிமையைக் கொடுத்திருந்த பிரபுவுக்கோ போகும், தர்ம காரியத்துக்கு என்று பேச்சு. நாளாக ஆக ஜூரிகள் சில ஷில்லிங் போட்டு முடித்துவிடுவார்கள். அப்புறம் ரயில் வந்தது. 1841 டிசம்பர் 24 அன்று சன்னிங் என்ற இடத்தில் மண்சரிவில் ரயில் மோதித் திறந்த பெட்டிகளில் வந்த மூன்றாம் வகுப்புப் பயணிகள் செத்தார்கள். ஜூரி எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் சேர்த்து 1,000 பவுண்ட் போட்டது. இதை மூடநம்பிக்கை என்று தள்ள மாட்டேன். கையில் வேறு ஆயுதம் இல்லாத ஜூரி, கிடைத்த பழைய ஆயுதத்தை எடுத்து கம்பெனியை அடித்தது.

கேள்வி (அதே நபர்): அடித்தால் என்ன, செத்தவர் குடும்பத்துக்குச் சட்டப்படி ஒன்றும் இல்லையே? 1846-இல் ஒழித்தது நல்லதுதான்.

முதல் பாதி சரி. மனிதன் செத்ததற்காக இன்னொருவர் நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1808-லேயே தீர்ப்பு இருந்தது. கால் போனால் வழக்குப் போடலாம், உயிர் போனால் யாரும் போட முடியாது! அதை மாற்றத்தான் கேம்ப்பெல் பிரபு 1846-இல் உயிரிழப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தார், அதே ஆண்டில் டியோடண்டும் போனது. 1855-இல் இந்தியாவுக்கும் அதே மாதிரிச் சட்டம் வந்தது.

கேள்வி (இன்னொருவர்): அப்போது குடும்பத்துக்கு நியாயம் கிடைத்துவிட்டது, வாதம் முடிந்தது.

முடியவில்லை. புதிய சட்டம் எதை அளந்தது? செத்தவர் எவ்வளவு சம்பாதித்துக் குடும்பத்துக்குக் கொடுத்திருப்பார் என்பதை. மனவேதனைக்கு ஒரு பைசாவும் கிடையாது என்று 1852-இல் மிட்லண்ட் ரயில்வே வழக்கில் சொல்லிவிட்டார்கள். வேலை பார்க்கும் குடும்பத்தலைவர் செத்தால் பணம் உண்டு. யாரையும் காப்பாற்றாத கிழவியோ கைக்குழந்தையோ செத்தால் கம்பெனிக்குச் செலவே இல்லாத மாதிரிதான். டியோடண்ட் போட்ட ஜூரி கம்பெனி எவ்வளவு அலட்சியமாக இருந்தது என்று பார்த்தது, புதிய சட்டம் செத்தவரின் வருமானத்தைப் பார்த்தது. குடும்பத்துக்கு வழக்குப் போடும் உரிமை வந்ததை நான் மனதார வரவேற்கிறேன். அதற்கு விலையாக ஜூரியின் கையைக் கட்டியதைத்தான் ஏற்க முடியவில்லை. இரண்டையும் வைத்திருக்கலாம்.

கேள்வி: இரண்டும் இருந்தால் ஒரே விபத்துக்கு இரட்டை அபராதம் ஆகாதா?

ஆகாது. ஒன்று இழப்புக்கு, இன்னொன்று நடத்தைக்கு. லாரி மோதினால் இன்றைக்கும் குடும்பத்துக்கு நஷ்டஈடு தனி, டிரைவர் மேல் கிரிமினல் வழக்கு தனி.

கேள்வி: ஹேபியஸ் கார்பஸ் என்றால் பிணத்தைக் கொண்டு வருவதா?

மேலே முதல் பதில்.

கேள்வி: கார்பஸ் என்றால் உடல்தானே, பிறகு ஏன் உயிரோடு இருப்பவர் என்கிறீர்கள்?

முதல் பதிலை முழுதாகப் படியுங்கள். இதற்கு இனி பதில் எழுதப் போவதில்லை.

கேள்வி: பாதிரிமார் சலுகை என்பது படித்தவன் தப்பிப்பதற்கான வழியா?

ஆரம்பத்தில் மதகுருவை அரசர் கோர்ட் தூக்கில் போடக்கூடாது என்பது விதி. குருவா என்று சோதிக்க பைபிளைப் படிக்கச் சொன்னார்கள், வழக்கமாக 51-ஆம் சங்கீதத்தின் முதல் வசனம். அதை மனப்பாடம் செய்தவன் கழுத்து தப்பியது, அதனால் 'கழுத்து வசனம்' என்றே பெயர். நாடக ஆசிரியர் பென் ஜான்சன் 1598-இல் ஒரு நடிகரைக் கொன்றுவிட்டு இப்படித்தான் பிழைத்தார், கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள். 1706-இல் வாசிப்புச் சோதனையே போய்விட்டது, 1827-இல் சலுகையும் ஒழிந்தது. ஒரு ஷில்லிங்குக்கு மேல் திருடியவனையும் தூக்கில் போடும் காலத்தில் நீதிபதிகள் கண்ணை மூடிக்கொண்டு நிறையப் பேரை இந்தக் கதவு வழியாக வெளியே விட்டார்கள்.

கேள்வி: என் அத்தை வீட்டுப் பாகப்பிரிவினையில் எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டது, என்ன செய்யலாம்?

ஒருதரப்பு என்று அர்த்தம். உங்கள் வழக்கை இங்கே பார்க்க மாட்டேன், பார்க்கவும் கூடாது. இன்றைக்கே வக்கீலைப் பாருங்கள், அந்த உத்தரவை நீக்கக் கேட்பதற்குக் கெடு உண்டு. கையில் பணம் இல்லை என்றால் தாலுகா கோர்ட்டில் சட்டப்பணிகள் குழு இருக்கிறது, பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி தருவார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

கேள்வி: 'நினைவுக்கெட்டாத காலம்' என்று பத்திரத்தில் எழுதுகிறோமே, அதற்குக் கணக்கு உண்டா?

இங்கிலாந்தில் உண்டு. 1189 செப்டம்பர் 3, முதலாம் ரிச்சர்ட் முடிசூடிய நாள். 1275-ஆம் ஆண்டுச் சட்டம் அவர் ஆட்சிக்காலத்தை எல்லையாக வைத்தது. அதற்கு முன்னிருந்தே ஒரு வழக்கம் நடந்தது என்று காட்டினால் போதும், எப்போது தொடங்கியது என்று யாரும் கேட்க முடியாது. முதலாம் எட்வர்ட் அரசர் பிரபுக்களிடம் 'எந்த அதிகாரத்தில் இந்த உரிமையை வைத்திருக்கிறாய்' என்று குவோ வாரண்டோ போட்டபோது 1290-இல் கடைசியாகச் சமரசம் செய்துகொண்டதும் இந்த எல்லையை வைத்துத்தான்.